ஆறாம் பக்கம்

பேராசிரியைக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பாடம் நடத்தும்போது ஜன்னலுக்கும் பலகைக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பார். துறைக் கூட்டங்களில் நாற்காலி நுனியில்தான் உட்காருவார், யாரோ எழுப்பிவிடப் போகிறார்கள் என்பதுபோல. மாணவர்கள் அவருக்கு 'சுழி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆற்றில் விழுகிற சுழியைச் சொல்கிறார்களா, சேட்டைக்காரப் பிள்ளைகளைத் திட்டுகிற சுழியைச் சொல்கிறார்களா என்று அவர் கேட்டதில்லை. நீரியல் துறையில் அப்படி ஒரு பட்டப்பெயர் கிடைத்தது பொருத்தம்தான் என்று விட்டுவிட்டார்.

அந்த மாதம் அவருடைய பரபரப்பு இரட்டிப்பாகியிருந்தது. காரணம் ஓர் எண். இளம் வயதில் அவர் எழுதிய ஒன்பது பக்க ஆய்வுக்கட்டுரை ஒன்றை, உலகம் முழுவதும் மற்ற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டிக் காட்டி, எண்ணிக்கை ஆயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. துறையில் அதுவரை யாருக்கும் ஆயிரம் வந்ததில்லை. துறைத் தலைவர் கேக்குக்குச் சொல்லி வைத்துவிட்டார். பேராசிரியை பல் துலக்கும்போது ஒரு தடவை, காபி ஆறும்போது ஒரு தடவை, செருப்பு மாட்டும்போது ஒரு தடவை என்று கைப்பேசியைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்தார்.

அவர் கணவர் பல் மருத்துவர். "பல்வலிக்காரன்கூட இத்தனை தடவை கன்னத்தைத் தொட்டுப் பார்க்க மாட்டான்" என்றார்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ஒன்பதுல அஞ்சு நாளா நிக்குதுங்க. நானும் மனுஷிதானே?"

"ஆயிரம் ஆனா என்ன பண்ணுவே?"

பேராசிரியை கைப்பேசியை மறுபடி ஒரு தடவை திறந்து பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்தக் கட்டுரையின் விஷயம் சாதாரணமானது. ஏரியோரத்து மணல் நிலம் ஒன்றில் இரண்டு மழைக்காலம் குழாய்களைப் புதைத்து வைத்து, நனைந்து, சளி பிடித்து, தண்ணீர் எங்கே போகிறது என்று அவர் அளந்திருந்தார். காய்ந்த மணலில் மழைநீர் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகிறது. இது கட்டுரையின் முன்பாதி. பின்பாதி ஆறாம் பக்கத்தில் இருந்தது: நாள்கணக்கில் மழை பெய்தால் நிலத்தடி நீர்மட்டம் மேலே ஏறி வரும், அப்புறம் மணலுக்குள் இறங்க இடம் இருக்காது, தரைக்கு அடியிலிருந்தே தண்ணீர் ஊறிக் கிளம்பும். முதல் பக்கத்தில் கொடுக்கிற சுருக்கம் நூற்றைம்பது சொல்லைத் தாண்டக் கூடாது என்று இதழ்க்காரர்கள் கறாராகச் சொன்னதால், பின்பாதி சுருக்கத்துக்குள் வரவில்லை. கட்டுரைக்குள்தான் இருக்கிறதே, படிக்கிறவர்கள் படிப்பார்கள் என்று அப்போது நினைத்தார்.

திங்கட்கிழமை காலை ஆயிரம் வந்தது. துறைத் தலைவர் கைதட்டிக்கொண்டே அறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே கேக், காகிதத் தட்டுகள், மாணவர் கூட்டம். பேராசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, அந்த ஆயிரத்தாவது ஆள் யாரென்று பார்க்கலாமே என்று கணினியில் அந்தக் கட்டுரையைத் திறந்தார்.

அது அவருடைய நகரத்தைப் பற்றியது. நகரின் தெற்கு எல்லையைத் தாண்டி, ஏரியை ஒட்டிய மணல் வெளியில் பெரிய குடியிருப்பு வரப்போகிறது. அதற்கு ஆலோசனை சொல்லும் பொறியாளர் ஒருவர் எழுதியிருந்தார். மூன்றாவது பத்தியில் பேராசிரியையின் பெயர் இருந்தது. "இவ்வகை மணல் நிலத்தில் மழைநீர் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும் என்பது நிறுவப்பட்ட உண்மை. ஆகவே வெள்ள வடிகால் தேவையில்லை."

அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

"என்ன மேடம், நல்லா எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார் துறைத் தலைவர்.

"நான் இப்படிச் சொல்லவே இல்லையே."

"உங்க அடக்கம்தான் மேடம் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது" என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு துண்டு எடுக்கப் போய்விட்டார்.

அன்று பிற்பகல் பேராசிரியை கதவைச் சாத்திக்கொண்டு, இதுவரை எண்ணிக்கையாக மட்டும் பார்த்துவந்த மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் அதைச் செய்யவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை வாசலில் எண்ணிவிட்டு முகத்தைப் பார்க்காமல் இருந்த மாதிரி இருந்தது. பத்து, இருபது, அறுபது. எல்லோரும் முன்பாதியை மட்டும் சொன்னார்கள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவருடைய கட்டுரை இதழின் 217ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. முக்கால்வாசிப் பேர் 271 என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் செய்த எழுத்துப் பிழையை அடுத்தவன் அப்படியே இறக்கி, அவனிடமிருந்து இன்னொருவன் இறக்கி, கட்டுரையைக் கையால் தொடாமலே ஒருவர் முதுகைப் பார்த்து ஒருவர் வந்திருக்கிறார்கள்.

மூன்று நாள் அந்த 271ஐப் பிடித்துக்கொண்டே பின்னால் போனார். வகுப்புக்கு நடுவில் நடந்தபடியே படித்தார். போன இடம் அவர் எதிர்பார்க்காத இடம். துறையில் எல்லோரும் மரியாதையாக 'பெரியவர்' என்று சொல்கிற மூத்த அறிஞர், கட்டுரை வந்த இரண்டாம் வருடம் எழுதிய தொகுப்புரை. அதில்தான் முதன்முதலாக 271 இருந்தது. அதில்தான், "மணல் நிலத்தில் வெள்ள அபாயம் இல்லை" என்று பேராசிரியையின் பெயரில் ஒரு வரியும் இருந்தது. அந்தத் தொகுப்புரையால்தான் பேராசிரியையின் பெயர் வெளியே தெரிந்தது. அதை வைத்துத்தான் வேலையே கிடைத்தது. இந்த நினைப்பு வந்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்தவர், வராந்தாவின் கோடி வரை போய், அங்கே என்ன வேலை என்று தெரியாமல் திரும்பி வந்தார்.

பெரியவர் ஓய்வு பெற்று எங்கோ மகன் வீட்டில் இருந்தார். தொலைபேசியில் குரல் இன்னும் கணீரென்றிருந்தது. பேராசிரியை விஷயத்தைச் சொன்னார்.

"அப்படியா போட்டிருக்கேன்? இருக்கலாம்மா. அந்தத் தொகுப்புரைக்கு நானூறு கட்டுரை பார்த்தேன். எல்லாத்துக்கும் சுருக்கம் மட்டுந்தான் படிச்சேன்."

"ஆறாம் பக்கத்துல நேர் எதிரா எழுதியிருக்கேனே ஐயா."

"அதைச் சுருக்கத்துல போட்டிருக்கலாம்ல?" என்றார் பெரியவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதைப் போட்டிருந்தா நான் உன்னை மேற்கோள் காட்டியிருக்கவே மாட்டேன்மா. 'சில சமயம் இறங்கும், சில சமயம் இறங்காது'ன்னு சொல்ற கட்டுரையை யாரு எடுத்துப் போடுவாங்க? விடு. ஆயிரம் பேர் ஏத்துக்கிட்டது உனக்கு நல்லதுதானே?" என்றார்.

பேராசிரியைக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அதுதான் அவரை இன்னும் தொந்தரவு செய்தது.

சனிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனார். தங்கைக்கும் அவருக்கும் எட்டு வயது வித்தியாசம். சின்ன வயதில் அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவள், இப்போதும் அக்கா சொன்னால் சரி என்பாள். அன்றைக்கு வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மேஜைமேல் ஒரு வண்ணப் புத்தகத்தை விரித்தாள்.

"அக்கா, உனக்கு அதிர்ச்சி குடுக்கணும்னு சொல்லாம வச்சிருந்தேன். வீடு பதிவு பண்ணிட்டோம். தரைத்தளம். பின்னால தோட்டம். ஏரிக்காத்து!"

புத்தகத்தின் அட்டையில் அந்த மணல் வெளி. உள்ளே கொட்டை எழுத்தில், 'அறிவியல்படி வெள்ளம் வராத நிலம்'. கீழே பொடி எழுத்தில் பேராசிரியையின் பெயர்.

"உன் பேரைப் பார்த்துட்டுத்தான் இவர் சரின்னாரு. உங்கக்கா சொன்னா அப்பீலே கிடையாதுன்னாரு" என்று தங்கை சிரித்தாள்.

பேராசிரியை உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தங்கையின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"ஆயிரம் பேர் படிச்சுட்டுச் சரின்னு சொன்னதை இப்ப நீ இல்லைங்கிறியா?"

"படிச்சவங்க சொல்லலைடி. படிக்காதவங்க சொல்லியிருக்காங்க."

"இத்தனை வருஷமா நீ ஏன் சொல்லலை?"

"நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றார் பேராசிரியை. வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. காபி குடிக்காமலே கிளம்பினார். தங்கை வாசல்வரை வரவில்லை.

குடியிருப்புக்கு அனுமதி தருவது பற்றி நகராட்சி மண்டபத்தில் பொதுக் கருத்துக் கேட்புக்கு நாள் குறித்திருந்தார்கள். தான் போய்ப் பேசப்போவதாகச் சொன்னதும் துறைத் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆயிரம் பேரும் தப்புன்னு நீங்களே போய்ச் சொன்னா, தரவரிசைக் குழு வரும்போது நான் எதைக் காட்டுறது மேடம்?"

"ஆறாம் பக்கத்தைக் காட்டுங்க."

"அதை நான் இன்னும் படிக்கலையே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கேட்பு நடந்த வாரம் நான்கு நாள் விடாமல் மழை. அன்று காலையில்தான் வெறித்திருந்தது. மண்டபத்தில் ஈரக் குடைகளின் வாடை. மேடையில் தலைமை தாங்க வந்த பெண் அதிகாரி, எதிரே கோப்புகளோடு ஆலோசனைப் பொறியாளர், நாற்காலிகளில் வீடு பதிவு செய்தவர்கள். அவர்களில் தங்கையும் இருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொறியாளருக்கு நாற்பது வயதிருக்கும். பேராசிரியை எழுந்து பெயரைச் சொன்னதும் அவரும் எழுந்து நின்றார். அந்த மரியாதை நடிப்பாகத் தெரியவில்லை. "மேடம், காலேஜ்ல உங்க கட்டுரையை வச்சுத்தான் எங்களுக்குப் பாடம்" என்றார்.

"நீங்க எழுதினது என் கட்டுரையில இல்லைங்க. பின்பாதியை விட்டுட்டீங்க. அங்க வடிகால் வேணும், தரைத்தளம் கூடாது."

பொறியாளர் தயங்கினார். "ஆயிரம் ஆய்வாளர்கள் இந்த அர்த்தத்துலதான் எடுத்திருக்காங்க மேடம். அத்தனை பேரும் தப்பா?"

"தப்புதான்."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. அதிகாரி மேஜையைத் தட்டினார். "நீங்க சொல்ற பின்பாதியை யாராவது மேற்கோள் காட்டியிருக்காங்களா?"

"இதுவரைக்கும் யாரும் இல்லை."

"அப்ப ஆதாரம்?"

"எழுதினது நான்தானே!"

மறுபடி சிரிப்பு. பின்வரிசையில் யாரோ, "எழுதினவங்களுக்கே புரியலை போல" என்றார். பேராசிரியைக்குக் காது மடல் சுட்டது. கால் துறுதுறுத்தது. பேச்சினால் இனி ஒன்றும் ஆகாது என்று தோன்ற, "இங்க உட்கார்ந்து என்னங்க பேச்சு? நிலம் பத்து நிமிஷத் தூரத்துல இருக்கு. நாலு நாள் மழை பெஞ்சிருக்கு. இடுப்பளவு தோண்டிப் பாருங்க, தண்ணி கிளம்பும். இப்பவே போகலாம்" என்றார்.

அதிகாரிக்கு மண்டபத்தின் புழுக்கம் அலுத்துப் போயிருந்ததோ என்னவோ, சரி என்றார்.

அங்கே வேலைக்கு நின்றிருந்த பொக்லைன், பேராசிரியை காட்டிய தாழ்வான இடத்தில் மண்ணை அள்ளியது. எல்லோரும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். இடுப்பளவு ஆழம். ஈர மணல் இருந்தது. தண்ணீர் இல்லை.

காத்திருந்தார்கள். பேராசிரியை குழியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து ஒரு பிடி மணலைப் பிசைந்து பார்த்தார். அரை மணி நேரம் போயிற்று. குழி அப்படியேதான் இருந்தது. நான்கு நாள் மழையும் நல்ல பிள்ளையாக உள்ளே போய்விட்டிருந்தது, அந்த ஆயிரம் பேரும் சொன்ன மாதிரியே.

"வேற ஏதாவது இருக்கா மேடம்?" என்று அதிகாரி நிதானமாகக் கேட்டார். பேராசிரியை இல்லை என்று தலையை ஆட்டினார். வண்டிகள் கிளம்பின. தங்கை போகிற போக்கில் அருகே வந்து, "இப்ப உனக்குத் திருப்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பொறியாளர் மட்டும் கொஞ்சம் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்து, வணக்கம் வைத்துவிட்டு அவரும் போனார்.

வீட்டுக்கு வந்த பேராசிரியைக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. எல்லாம் நேற்று நடந்ததுபோல் நினைவிருக்கிறது என்று நம்பிய அந்த இரண்டு மழைக்காலம் திடீரென்று மங்கலாகத் தெரிந்தது. தான் அளந்தது அந்த ஒரு நிலத்துக்கு மட்டும்தான் பொருந்துமோ? உலகமே தன்னைவிடச் சரியாகத் தன்னைப் படித்துவிட்டதோ? கணவர் கிளினிக்கை முடித்துவிட்டு வந்தபோது அவர் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"பல் ஆடுதுன்னு வர்றவங்களைப் பார்த்திருக்கேன். நீ மொத்தமா ஆடுறியே" என்றார் கணவர். மனைவி சிரிக்காததைக் கண்டு, வாயை மூடிக்கொண்டு இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார்.

மறுநாள் காலை, பேராசிரியை கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில் கைப்பேசி அடித்தது. பொறியாளர்.

"மேடம், நேத்து வீட்டுக்குப் போய் உங்க கட்டுரையை முழுசாப் படிச்சேன். சொல்ல வெட்கமா இருக்கு, முதல் தடவையா. ஆறாம் பக்கத்துல கடைசிப் பத்தி ஞாபகம் இருக்கா?"

"என்ன பத்தி?"

"சுத்துப்பட்டு மேட்டுல பெஞ்ச தண்ணி எல்லாம் அடியிலேயே நகர்ந்து தாழ்வான இடத்துக்கு வந்து சேர நேரம் எடுக்கும், நீர்மட்டம் மழை நின்ன மறுநாள்தான் உச்சத்துக்கு வரும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் ஏன் மேடம் நேத்தே தோண்டச் சொன்னீங்க?"

பேராசிரியை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவசரம்" என்றார் மெதுவாக.

"நான் இப்ப குழிகிட்டதான் நிக்கிறேன். ராத்திரி ஒரு சொட்டு மழை இல்லை. குழியில பாதிக்கு மேல தண்ணி. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே கரை சரியுது. அதிகாரி அம்மாவுக்கும் போன் பண்ணிட்டேன், வந்துக்கிட்டு இருக்காங்க. நீங்களும் வாங்க."

பேராசிரியை போனபோது அதிகாரி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குழியோரம் நின்றிருந்தார். பொறியாளர் அளவுகோலைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்தார். பக்கத்தில் தோண்டிய இரண்டாவது குழியிலும் அதே கதை. யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி மட்டும், "ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தா நேத்து அத்தனை பேர் முன்னால உங்களுக்கு அந்த அவமானம் வந்திருக்காதே மேடம்" என்றார். பேராசிரியை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடத்தில் தன் கட்டுரையைக் கடைசிப் பத்தி வரை படித்த ஓர் ஆள் பக்கத்தில் நிற்கிறார் என்பது அவருக்கு விநோதமாக இருந்தது. பொறியாளரிடம் நன்றி சொல்ல நினைத்து, "அளவுகோலை நேரா பிடிங்க" என்றார்.

வடிகால் தேவையில்லை என்று கொடுத்திருந்த தன் அறிக்கையைப் பொறியாளர் திரும்ப வாங்கிக்கொண்டார். அதனால் அவருக்கு நிறுவனத்தில் கசப்பு வந்தது. சில மாதம் இழுபறி நடந்தது. முடிவில் தாழ்வான மூன்றில் ஒரு பங்கை வெறும் திடலாக விடுவது என்றும், மீதி இடத்தில் கட்டடங்களைத் தூண்கள்மேல் எழுப்பித் தரைத்தளத்தை வண்டிகளுக்கு விடுவது என்றும், ஏரிவரை வடிகால் வெட்டுவது என்றும் ஆயிற்று. தங்கையின் தோட்ட வீடு வரைபடத்திலிருந்தே காணாமல் போனது. அவளுக்கு இரண்டாவது மாடியில் ஒரு வீடு ஒதுக்கினார்கள். கட்டி முடியும்வரை அவள் அக்காவோடு பேசவில்லை. வீடு குடிபுகும்போது மட்டும், "நேரம் இருந்தா வா" என்று தன் கணவரை விட்டுச் சொல்லச் செய்தாள். பேராசிரியை போனார். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் தங்கை முணுமுணுத்தாள்.

பேராசிரியையும் பொறியாளரும் சேர்ந்து இரண்டு பக்கத்தில் ஒரு திருத்தக் குறிப்பு எழுதினார்கள். இந்த முறை விஷயம் முழுவதும் சுருக்கத்திலேயே இருந்தது. பெரியவருக்கு ஒரு பிரதி அனுப்பினார். "இதை முழுசாப் படிச்சேன்மா, சின்னதா இருந்தது" என்று பதில் வந்தது. துறைத் தலைவர் முதலில் முகம் சுளித்தாலும், கட்டுரைக் கணக்கில் ஒன்று கூடியதைப் பார்த்துச் சமாதானமானார்.

முதல் வருடம் அந்தக் குறிப்பை ஆறு பேர் மேற்கோள் காட்டினார்கள். பழைய கட்டுரைக்கோ, அதே ஒரு வருடத்தில் தொண்ணூறு பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள், பெரும்பாலும் பழைய பாதையிலேயே. பேராசிரியை இப்போது எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு கட்டுரையையும் திறந்து படித்து, எழுதியவருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பித்தார். எங்கெங்கோ இருக்கிற ஊர்களின் மணல் நிலங்களில் இதை நம்பி யார் யார் வீடு கட்டுகிறார்களோ என்ற நினைப்பு அவரை விடவில்லை.

"ஆயிரம் பேருக்கும் எழுதப் போறியா?" என்று கேட்டார் கணவர்.

"முந்நூறு முடிஞ்சுது. நாப்பது பேர் பதில் போட்டாங்க. ஒருத்தர் சண்டைக்கு வந்தாரு."

"அவர்தான் உருப்படியாப் படிச்சிருக்காரு போல" என்றார் கணவர். அது உண்மைதான். அந்த ஆளோடு பேராசிரியை இன்னும் கடிதத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

தங்கை குடிபுகுந்த பிறகு வந்த முதல் மழைக்காலத்தில் ஆறு நாள் அடைமழை. நின்ற மறுநாள் காலையில் தங்கையிடமிருந்து அழைப்பு. அவளாகக் கூப்பிட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

"அக்கா, கீழ திடல் பூரா தண்ணி. பாத்தா ஏரி மாதிரி இருக்கு."

"வண்டி நிறுத்துற இடம்?"

"அங்க வரலை. வடிகால்ல ஓடுது, சத்தம் இங்க வரைக்கும் கேக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "என் தோட்டம் வரவேண்டிய இடத்துல வாத்து நீந்துது" என்றாள்.

"ஆழம் எவ்வளவு இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? முழங்கால் வரைக்கும் இருக்கும்."

"உன் முழங்காலா, உன் வீட்டுக்காரர் முழங்காலா?"

மறுமுனையில் தங்கை சிரித்த சிரிப்பில் பேராசிரியைக்குக் கண் கலங்கியது. "வந்து நீயே அளந்துக்க. சாப்பாட்டுக்கு இங்க இருக்கிற மாதிரி வா" என்றாள் தங்கை.

பேராசிரியை அதற்குள் ஒரு காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.